இரண்டாவது ஆள்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்கும் கதை எழுதுகிறவர்களுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. இரண்டு பேருக்குமே கதாநாயகன் வேண்டும். அவன் ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால், ஊரே உச்சுக்கொட்டும்படி பிரமாதமாகத் தோற்க வேண்டும். கூப்பிட்டபோது வந்து, ஒப்படைத்த காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஓரத்தில் போய் உட்கார்ந்து கொள்கிறானே ஒருவன், அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இருவருக்கும் தெரிவதில்லை.

பழைய நாடகக் கம்பெனிகளில் இப்படி ஒருவர் இருப்பார். ராஜபார்ட்காரருடைய பாடம் முழுவதும் அவருக்கு நெட்டுரு. ஆனால் ராஜபார்ட்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால்தான் அவர் முகத்தில் அரிதாரம் ஏறும். டிக்கெட் வாங்கி வந்தவர்கள், "அவர் இல்லையா இன்றைக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் உட்காருவார்கள். நன்றாக நடித்துவிட்டால், "பரவாயில்லை, சமாளித்துவிட்டான்" என்பார்கள். ஓரிடத்தில் பிசகிவிட்டாலோ, "அவர் இருந்திருந்தால் இப்படி ஆகுமா?" என்பார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளைத் தவிர மூன்றாவது தீர்ப்பு அவருக்குக் கிடையாது.

அமெரிக்காவில் ஏர்ல் மோரால் என்று ஒரு விளையாட்டுக்காரர் இருந்தார். 1968-ல் இந்த இரண்டு தீர்ப்புகளையும் ஒரே ஸீஸனில் வாங்கிக்கொண்டவர் அவர். நாவல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அவருடைய கதையில் எனக்கு ஒரு தனி ஈடுபாடு உண்டு. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்வது நம் ஊர் மைதானங்களில் உதைபடுகிற கால்பந்து அல்ல. அதில் காலுக்கு வேலை கொஞ்சம். கைக்கும் தோளுக்கும்தான் அதிகம். பக்கத்துக்கு 11 பேர். இரண்டு முனையும் கூர்ந்த நீள்வட்டமான தோல் பந்தைச் சுமந்துகொண்டோ, எறிந்து பிடித்தோ, எதிரியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த வேலைக்குச் சூத்திரதாரி ஒருவர். அவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். அடுத்த இரண்டு மூன்று விநாடிகளுக்குள், ஓடுகிறவனிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடும் தோழன் ஒருவனுக்கு எறிவதா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் யானைக்குட்டி போன்ற நாலைந்து பேர் அவரைக் கீழே தள்ளுவதற்கு வந்துகொண்டிருப்பார்கள். கோஷ்டி ஜெயித்தால் அவருக்கு மாலை. தோற்றால் அவர் தலையில் பழி.

மோரால் மிச்சிகன் மாகாணத்தில் 1934-ல் பிறந்தவர். அவர் தலைமையில் ஆடிய மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலைக் கோஷ்டி 1956 ஜனவரியில் பிரசித்தி பெற்ற ரோஸ் பௌல் பந்தயத்தை வென்றது. படிப்பு முடிந்து வெளியே வரும் ஆட்டக்காரர்களைத் தொழில்முறைக் கோஷ்டிகள் வரிசைக்கிரமமாகப் பொறுக்கி எடுப்பது அங்கே வழக்கம். அந்த வருஷம் தேசம் முழுவதிலும் இரண்டாவதாகப் பொறுக்கப்பட்ட பெயர் மோரால். ஸான்பிரான்ஸிஸ்கோ கோஷ்டி அவரை எடுத்துக்கொண்டது.

ஜாதகம் அமோகமாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஒய். ஏ. டிட்டில் என்ற பெரிய குவார்ட்டர்பேக் ஏற்கனவே இருந்தார். மறு வருஷமே மோராலைப் பிட்ஸ்பர்க் கோஷ்டிக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்கும் இன்னொருவருக்குமாகப் பிட்ஸ்பர்க் கொடுத்த விலை, ஓர் ஆட்டக்காரரும், முதல் சுற்றில் ஆள் பொறுக்கும் உரிமைகள் இரண்டும். அவ்வளவு கொடுத்து வாங்கியவர்கள் 1958-ல் ஸீஸனின் இரண்டாவது ஆட்டம் முடிந்ததும், டெட்ராய்ட்டின் செல்லப்பிள்ளையாக இருந்த பாபி லேன் என்பவருக்குப் பதிலாக இவரைத் தள்ளிவிட்டார்கள். டெட்ராய்ட்டில் ஏழு ஸீஸன். அவற்றில் பெரும்பகுதி இரண்டாவது ஆள் உத்தியோகம். 1962-ல் புல்வெட்டும் யந்திரத்தில் அகப்பட்டு ஒரு கால் பெருவிரல் போயிற்று. அந்தக் காலோடு மறு வருஷம் ஆடியபோது, எல்லைக்குள் 24 தடவை பந்தை எறிந்து சேர்த்தார். இதற்கு டச்டவுன் என்று பெயர். இனி விடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, 1964-ல் தோளில் அடிபட்டது. 1965-ல் நியூயார்க்குக்கு மாற்றம். அங்கே நன்றாகவே ஆடினார். அடுத்த வருஷம் மணிக்கட்டில் காயம். 1967-ல் நியூயார்க் கோஷ்டியார் பிரான் டார்க்கென்டன் என்ற புது நட்சத்திரத்தை வாங்கினார்கள். மோரால் பெஞ்சிக்குத் திரும்பினார்.

மாற்றல் உத்தரவிலேயே காலம் தள்ளிய குமாஸ்தாக்களை நாம் பார்த்திருக்கிறோம். ஓர் ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து நிமிர்வதற்குள் அடுத்த ஊர். மோராலுடைய உத்தியோகமும் அந்த ஜாதிதான். 1968-ல் ஸீஸன் தொடங்கச் சில வாரங்களே இருக்கையில், புட்ச் வில்சன் என்ற ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டு நியூயார்க் இவரைப் பால்டிமோருக்கு அனுப்பியது. அப்போது வயது 34. கோஷ்டியில் இது ஐந்தாவது.

பால்டிமோரில் முதல் ஆள் ஜானி யூனிடாஸ். இந்த இடத்தில் விதி செய்திருக்கும் வேடிக்கையைக் கவனியுங்கள். யூனிடாஸை 1955-ல் ஒன்பதாவது சுற்றில், போனால் போகிறதென்று பொறுக்கியது பிட்ஸ்பர்க். ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் வீட்டுக்கு அனுப்பியதும் அதே பிட்ஸ்பர்க். அந்தப் பையன் ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு உள்ளூர்க் கோஷ்டி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தான். 1956-ல் பால்டிமோர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. 1958-லும் 1959-லும் பால்டிமோருக்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்து, தேசத்தின் முதல்தர வீரனாகிவிட்டான். யூனிடாஸை விரட்டிய இரண்டே வருஷத்தில் அள்ளிக் கொடுத்து மோராலை வாங்கியதும் பிட்ஸ்பர்க்தான்! யாருக்கும் வேண்டாத பையன் முதல் ஆளானான். எல்லாருக்கும் வேண்டியிருந்த பையன் இரண்டாவது ஆளானான்.

இருவரையும் ஆட்டுவித்த பயிற்சியாளர் டான் ஷூலா. மோரால் டெட்ராய்ட்டில் இருந்தபோது ஷூலாவும் அங்கே உதவிப் பயிற்சியாளர். ஆகவே அவருக்கு ஆளைத் தெரியும். 'யூனிடாஸுக்கு ஏதாவது ஆனால் ஒரு கை இருக்கட்டும்' என்றுதான் வாங்கி வைத்தார். ஸீஸன் தொடங்குவதற்கு முந்திய கடைசி ஒத்திகை ஆட்டத்திலேயே யூனிடாஸின் முழங்கை போய்விட்டது.

ராஜபார்ட்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அரிதாரம் பூசிக்கொண்டு இரண்டாவது ஆள் மேடை ஏறினார்.

அந்த ஸீஸனில் நடந்ததை நான் நாவலில் எழுதியிருந்தால், "இதென்ன ஐயா, இவ்வளவு வசதியாகவா நடக்கும்?" என்று வாசகர்கள் கடிதம் எழுதியிருப்பார்கள். முதல் ஆட்டம், மோராலை முதன் முதலில் வேண்டாமென்ற ஸான்பிரான்ஸிஸ்கோவோடு. 27-க்கு 10 என்று பால்டிமோர் வென்றது. மூன்றாவது ஆட்டம் பிட்ஸ்பர்க்கோடு; 41-க்கு 7. மறுபடியும் ஸான்பிரான்ஸிஸ்கோ, 42-க்கு 14. பிறகு நியூயார்க், 26-க்குப் பூஜ்யம். அடுத்து டெட்ராய்ட்; 27-க்கு 10. தன்னை விலைபேசி வெளியே அனுப்பிய நாலு கோஷ்டிகளையும் ஒரே ஸீஸனில் வரிசையாக ஜெயித்தார் மோரால். மொத்தம் 14 ஆட்டங்களில் 13 வெற்றி. கிளீவ்லாந்திடம் மட்டும் ஒரு தோல்வி. டிசம்பர் 29-ஆம் தேதி சாம்பியன் பட்ட ஆட்டத்தில் அதே கிளீவ்லாந்தை அதன் சொந்த மைதானத்தில் 34-க்குப் பூஜ்யம் என்று அடித்துப் பால்டிமோர் அந்தக் கணக்கையும் தீர்த்துக்கொண்டது.

அவர் ஒருவரே சாதித்தார் என்று சொன்னால் அது நியாயமாகாது. பால்டிமோரின் தற்காப்பு வரிசை அவ்வளவு பலமாக இருந்தது. 14 ஆட்டங்களில் கோஷ்டி எடுத்தது 402 பாயிண்ட். விட்டுக் கொடுத்தது 144 தான். மோரால் எறிந்த பந்தில் 17 எதிரிகள் கையிலும் விழுந்தன. ஆனால் 26 டச்டவுன் எறிந்திருந்தார். லீக்கில் அந்த வருஷம் வேறு யாரும் அவ்வளவு எறியவில்லை. லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. முந்திய வருஷம் அதே விருதை வாங்கியவர் யூனிடாஸ்! முதல் ஆள் வைத்துவிட்டுப் போன கிரீடத்தை இரண்டாவது ஆள் கீழே விழாமல் எடுத்துச் சூட்டிக்கொண்டார்.

இங்கே முற்றும் போட்டுவிட்டால் கதை எவ்வளவு சௌகரியமாக இருக்கும்! ஆனால் இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது.

அப்போது அமெரிக்காவில் இரண்டு தொழில்முறை லீக்குகள். ஒன்று பழையது, மற்றது 1960-ல் ஆடத் தொடங்கிய புதியது. இரண்டின் சாம்பியன்களும் மோதுகிற ஆட்டத்துக்குச் சூப்பர் பௌல் என்று பெயர். முதல் இரண்டு வருஷமும் பழைய லீக் கோஷ்டி அநாயாசமாக ஜெயித்தது. மூன்றாவது ஆட்டம் 1969 ஜனவரி 12-ல் மியாமி நகரத்து ஆரஞ்சு பௌல் மைதானத்தில். பால்டிமோருக்கு எதிரே புதிய லீக்கின் நியூயார்க் ஜெட்ஸ். பால்டிமோர் குறைந்தது 18 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ நேமத். வயது 25. நீண்ட முடி, வெள்ளைச் சப்பாத்து, நாலு லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம். ராணுவ வெட்டில் ஒட்டக் கத்தரித்த தலையோடு இருந்த மோராலுக்கு நேர்மாறான மனிதர். மோராலைவிடச் சிறந்த குவார்ட்டர்பேக்குகள் எங்கள் லீக்கிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு ஒரு விருந்தில், நாங்கள் ஜெயிப்பது நிச்சயம் என்று வாக்கும் கொடுத்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் சிரிப்பு மெல்ல அடங்கியது. பால்டிமோர் எல்லைக்கு அருகில் போகும்; பாயிண்ட் எடுக்காமல் திரும்பும். மோரால் எறிந்த ஒரு பந்து தோழன் மேல் பட்டுத் தெறித்து எதிரியின் கைக்குப் போயிற்று. இன்னொன்றை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஜானி சாம்பிள் பிடித்தார். அவர் ஒரு காலத்தில் பால்டிமோரில் ஆடியவர். முதல் பாதி முடிய விநாடிகளே இருந்தன. ஜெட்ஸ் 7, பால்டிமோர் பூஜ்யம்.

அப்போது மோரால் ஒரு தந்திர ஆட்டம் ஆடினார். பந்தை டாம் மாட்டியிடம் கொடுத்தார். மாட்டி வலது பக்கமாக ஓடுவதுபோல் ஓடி, சட்டென்று மோராலிடமே திருப்பி எறிந்தார். எதிரிகள் எல்லாரும் ஏமாந்து மாட்டியின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். எல்லைக்கோட்டுக்கு அருகே ஜிம்மி ஆர் தன்னந்தனியாக நின்றார். பத்துப் பதினைந்து கஜத்துக்கு ஒரு எதிரி கிடையாது. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். இதே தந்திரம் அட்லாண்டாவுக்கு எதிரே பலித்து டச்டவுன் ஆகியிருந்தது. மைதானத்தில் 75,000 பேருக்கு மேல். டெலிவிஷன் முன்னால் கோடிக்கணக்கானவர்கள். எல்லாருக்கும் ஆர் தெரிந்தார். ஒரே ஒருவருக்குத் தெரியவில்லை. மோரால் பந்தை நடுவில் ஓடிய ஜெர்ரி ஹில்லுக்கு எறிந்தார். ஜிம் ஹட்ஸன் குறுக்கே புகுந்து பிடித்துக்கொண்டார். பாதி ஆட்டம் முடிந்தது.

ஆர் அணிந்திருந்தது நீலச் சட்டை. இடைவேளைக்காக எல்லைக்குப் பின்னால் காத்திருந்த பாண்டு வாத்தியக்காரர்களும் நீல உடுப்பில் இருந்தார்கள். அந்த நீலத்தில் இந்த நீலம் மறைந்துவிட்டது என்று பிற்பாடு ஒரு சமாதானம் சொன்னார்கள். இருக்கலாம். மூன்றாவது கால் பகுதியில் ஷூலா மோராலை வெளியே கூப்பிட்டுக்கொண்டு, முழங்கை முழுதும் ஆறாத யூனிடாஸை உள்ளே அனுப்பினார். கடைசி நேரத்தில் பால்டிமோர் ஒரு டச்டவுன் எடுத்தது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. 16-க்கு 7 என்று ஜெட்ஸ் வென்றது. மோரால் எறிந்த 17 பந்துகளில் தோழர்கள் பிடித்தவை 6. எதிரிகள் பிடித்தவை 3.

புதிய லீக்கின் கௌரவம் அன்று நிலைபெற்றது. நேமத் காவிய நாயகன் ஆனார். மோரால், கைகளை ஆட்டிக்கொண்டு நிற்கும் தோழனைப் பாராத மனிதராகச் சரித்திரத்தில் பதிந்துவிட்டார். நாலு மாதத்தில் பட்ட ஆட்டங்களையும் சேர்த்து 15 வெற்றி, இரண்டே தோல்வி. ஆனால் அந்த வருஷத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அந்தக் கையாட்டலைத்தான். "யூனிடாஸ் தொடக்கத்திலிருந்தே ஆடியிருந்தால்?" என்று கேட்டவர்களுக்கும் குறைவில்லை. இரண்டாவது தீர்ப்பு வந்துவிட்டது.

இந்தத் தீர்ப்பு முழுப் பொய் என்று நான் வாதாட மாட்டேன். பார்த்திருக்க வேண்டியதை அவர் பார்க்கவில்லை. அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். நான் கேட்பது வேறு. ஒரு மனிதனை அளக்க எந்த அளவுகோலை எடுத்துக்கொள்வது? 13 வாரம் தவறாமல் செய்த வேலையையா, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது தவறிய ஒரு கணத்தையா? கதாசிரியர்கள் தயங்காமல் கணத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அத்தியாயத்தை முடிக்க அதுதான் தோது. வேலையின் நெளிவு சுளிவு தெரிந்தவர்கள் அப்படி அளப்பதில்லை.

1971 ஜனவரி 17. அதே ஆரஞ்சு பௌல் மைதானம், மறுபடியும் சூப்பர் பௌல், எதிரே டல்லாஸ். இரண்டாவது கால் பகுதியில் யூனிடாஸுக்கு விலாவில் அடிபட்டது. மோரால் உள்ளே போனார். ஆட்டம் அழகாக இல்லை. இரண்டு பக்கமும் தவறு மேல் தவறு. கடைசி ஐந்து விநாடி இருக்கையில் ஜிம் ஓப்ரயன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய், 16-க்கு 13 என்று பால்டிமோர் ஜெயித்தது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தோல்விக்கு இருந்த முகவரி வெற்றிக்கு இல்லாமல் போயிற்று.

1972-ல் பால்டிமோரும் மோராலைக் கைவிட்டது. இப்படி விடப்பட்ட ஆளை வேறு கோஷ்டி 100 டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று லீக்கில் ஒரு விதி. அந்த 100 டாலரைக் கட்டியது மியாமி கோஷ்டி. அதன் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1970-ல் பால்டிமோரை விட்டு அங்கே போயிருந்த டான் ஷூலா! அந்த ஜனவரி மாதத்துப் பகலில், உலகம் பார்க்க மோராலை ஆட்டத்திலிருந்து வெளியே இழுத்தவர். அந்தத் தோல்வியின் அவமானத்தை மோராலுக்குச் சமமாகச் சுமந்தவர்.

அக்டோபர் 15-ல், ஐந்தாவது ஆட்டத்தில், மியாமியின் முதல் ஆளான பாப் கிரீஸிக்குக் கால் முறிந்தது. 38 வயது மோரால் பெஞ்சியிலிருந்து எழுந்து போனார். அந்த ஆட்டம் ஜெயம். அடுத்த ஒன்பது ஆட்டங்களையும் அவர்தான் தொடங்கினார், ஒன்பதும் ஜெயம். பபலோவை 24-க்கு 23 என்று ஒரே பாயிண்டில் வென்றார்கள். பால்டிமோரை இரண்டு தடவை பூஜ்யத்தில் நிறுத்தினார்கள். நவம்பரில், அதே ஆரஞ்சு பௌலில், எதிரே நேமத்தின் ஜெட்ஸ். அன்று மோரால், எறிய ஆள் தேடாமல் பந்தைத் தாமே வைத்துக்கொண்டு 31 கஜம் ஓடி டச்டவுன் எடுத்தார். கால் பெருவிரல் இல்லாத 38 வயதுக்காரர்! மியாமி 28-க்கு 24 என்று வென்றது.

பட்ட ஆட்டங்களில் முதலாவதையும் மோரால் ஜெயித்துக் கொடுத்தார். இரண்டாவது பிட்ஸ்பர்க்கில். பாதி ஆட்டத்தில் 7-க்கு 7. கிரீஸிக்குக் கால் குணமாகியிருந்தது. ஷூலா மோராலை உட்காரவைத்துவிட்டுக் கிரீஸியை அனுப்பினார். மியாமி ஜெயித்தது. 1973 ஜனவரி 14-ல் சூப்பர் பௌலையும் கிரீஸி தொடங்கி ஜெயித்தார். அன்று மோராலுக்கு இருந்த வேலை, உதைக்கிறவருக்காக மண்டியிட்டுப் பந்தைப் பிடித்துக் கொடுப்பது. 17 ஆட்டம், 17 வெற்றி. ஸீஸனில் ஒன்றைக்கூடத் தோற்காமல் சூப்பர் பௌலையும் வென்ற கோஷ்டி லீக்கில் வேறு கிடையாது. 2007 ஸீஸனில் நியூ இங்கிலாந்து 18 ஆட்டங்களை வரிசையாக வென்று, கடைசி ஒன்றில் தோற்றது. மியாமியின் அந்த 17-ல் 11 ஆட்டங்களைத் தொடங்கியவர் மோரால்.

1976 வரை, மொத்தம் 21 ஸீஸன் ஆடினார். பிறகு மியாமி சர்வகலாசாலையில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஜிம் கெல்லி, பெர்னி கோஸர், வின்னி டெஸ்டவர்டி என்று பின்னால் பெயர் வாங்கியவர்கள் அவரிடம் கற்றவர்கள். பிளாரிடாவில் டேவி என்ற ஊருக்கு மேயராகவும் இருந்தார். 2014 ஏப்ரல் 25-ல், 79-ஆம் வயதில் காலமானார். அவருடைய மூளையைப் பாஸ்டன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடியால் வருகிற மூளைச் சிதைவு நோய், அதன் நாலாவதான கடைசிக் கட்டத்தில் இருந்ததாக 2016-ல் செய்தி வந்தது. பெஞ்சியில் உட்கார்ந்திருந்த வருஷங்கள் அவரைக் காப்பாற்றவில்லை. முதல் ஆள் கொடுக்கும் விலையைத்தான் இரண்டாவது ஆளும் கொடுத்திருக்கிறார்.

அந்த 100 டாலரைப் பற்றித்தான் நான் அடிக்கடி யோசிப்பது. 1969 ஜனவரியில் நடந்ததை ஷூலாவைவிட நெருக்கத்தில் பார்த்தவர் யாரும் இல்லை. மோராலைப் பற்றிக் கசப்பாக நினைக்க அவரைவிட அதிகக் காரணம் உடையவரும் இல்லை. ஆனால் மூன்றரை வருஷத்துக்குப் பிறகு, தம் முதல் ஆளுக்கு ஏதாவது ஆனால் யார் கையில் கோஷ்டியை ஒப்படைப்பது என்ற கேள்வி வந்தபோது, அவர் வேறு யாரையும் தேடவில்லை. உலகம் ஒரு கணத்தை ஞாபகம் வைத்திருந்தது. ஷூலா ஸீஸன் முழுவதையும் ஞாபகம் வைத்திருந்தார்.